வேலியோரத்து விருந்தாளிகள்

புத்தளக் கரையோர வளவுகளிற் குடிபுகுந்த அந்நியச் செடிகளும் அயல் உயிர்களும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் மணலும் உவரும் காற்றும் ஆட்சி செலுத்தும் நிலமாகும். வடக்கே வில்பத்துக் காடு. மேற்கே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடு. இடையே புத்தளக் கடனீரேரி. தெற்கே முந்தலும் உடப்பும் கடந்தால் சிலாபத்துத் தென்னஞ்சோலைகள். இந்நிலத்தில் வீடு கட்டி வாழ்வோர் யாவர்க்கும் மூன்று பொருள்கள் இன்றியமையாதன: குடிப்பதற்கு ஒரு நன்னீர்க் கிணறு, வெயிலுக்கு ஒதுங்க நாலு மரம், ஆடு மாடு புகாதிருக்க ஒரு வேலி.

இம்மூன்றனுள் வேலியைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. நம் முன்னோர் கிடுகாலும் பனைமட்டையாலும் வேலி அடைத்தனர். கிளுவையையும் பூவரசையும் கதிகாலாக நட்டனர். ஆண்டுதோறும் அதற்கு ஆட்கூலியும் நாட்கூலியும் வேண்டியிருந்தது. இன்றோ வறண்ட கரையோரங்களிற் பல இடங்களில் ஒரு முட்புதர் தானாகவே முளைத்து, தானாகவே அடர்ந்து, வேலியின் வேலையைச் செய்து நிற்கின்றது. செலவில்லாமல் வேலி கிடைத்ததே என்று மகிழ்வோரும் உளர். வந்தது விருந்தாளியா, வீட்டையே பறிக்க வந்த வழக்காளியா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீமையிலிருந்து வந்த கருவேல்

அம்முட்புதரின் பெயர் சீமைக் கருவேல். வேலிக்காத்தான் என்பதும் அதற்கு வழங்கும் பெயர். புரொசோபிஸ் ஜூலிபுளோரா என்பது தாவர நூலார் இட்ட பெயர். இதன் பிறப்பிடம் மெக்சிக்கோ, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வடபகுதி ஆகியன. 1877ஆம் ஆண்டில் ஜமெய்க்காவிலிருந்து தருவிக்கப்பட்ட விதைகள் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டன. விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்கு விரைந்து வளரும் மரமொன்று வேண்டுமென்று வனத்துறையினர் தேடிய காலம் அது. இலங்கையில் அம்பாந்தோட்டைப் பகுதியில் உவர்நிலத்தைத் திருத்துவதற்கும் மண்ணரிப்பைத் தடுப்பதற்கும் இது நடப்பட்டது.

நோக்கம் நல்லதே, விளைவு வேறாயிற்று. 1990ஆம் ஆண்டில் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பூந்தலைப் பறவைகள் சரணாலயத்தில், நீர்ப்பறவைகள் மேயும் வெளிகளை இம்மரமும் நாகதாளியும் சேர்ந்து மூடத் தொடங்கின. தென்கோடியில் நிகழ்ந்த அதே கதைதான் இன்று மன்னார், புத்தளம் ஆகிய வறள் கரையோரங்களிலும் நிகழ்கின்றது.

இம்மரம் பரவும் முறை வியப்புக்குரியது. இதன் நெற்றுக்கள் இனிப்பானவை. ஆடும் மாடும் கழுதையும் அவற்றை விரும்பித் தின்னும். நெற்றின் சதை சமிக்கின்றது, விதையோ சமியாது. விலங்கின் வயிற்றினுள்ளே பயணம் செய்து, சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து, எருவும் ஈரமும் ஒருங்கே வாய்த்த இடத்தில் அது முளைக்கின்றது. மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துத் தளிர்கள் கிளம்புகின்றன. ஆணிவேர் ஆழச் சென்று நீரைத் தேடுகின்றது. கற்பிட்டிக் குடாநாட்டில் மணலின் கீழ், உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமாகவே நன்னீர் தங்கியுள்ளது என்பதை இங்கே நினைவு கூர்தல் வேண்டும். அப்படலத்தை நம்பியே வீட்டுக் கிணறும் வெங்காயப் பாத்தியும் உயிர் வாழ்கின்றன. வேண்டாத மரத்துக்கு அங்கே பங்கு கொடுத்தல் அறிவுடைமையாகாது.

எல்லா அந்நியரும் பகைவரல்லர்

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வியை எழுப்பக்கூடும். வெளிநாட்டிலிருந்து வந்த செடிகள் யாவும் தீயனவா? அல்ல. கற்பிட்டியின் தோட்டங்களில் விளையும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. புகையிலையும் அவ்வாறே வந்தது. மன்னார்ப் பக்கத்திற் காணப்படும் பெருக்க மரம் ஆபிரிக்காவுக்கு உரியது. அராபிய வணிகர் அதனைக் கொண்டுவந்தனர் என்பது பொதுவான கருத்து. பல நூற்றாண்டுகள் கழிந்தும் அது காடாகப் பெருகவில்லை. மிகச் சில மரங்களே எஞ்சிநிற்க, அவற்றை நாம் காத்துப் போற்ற வேண்டிய நிலையில் இருக்கின்றோம்.

ஆகவே, அந்நியம் என்பது குற்றமன்று. தன் பிறந்த நாட்டில் தன்னைக் கட்டுப்படுத்திய பூச்சியையும் பூஞ்சணத்தையும் அங்கேயே விட்டுவிட்டு இங்கே வந்து, உள்ளூர்ச் செடிகளின் இடத்தையெல்லாம் கைப்பற்றிக்கொள்வதே குற்றம். அத்தகையனவற்றையே அறிஞர்கள் ஆக்கிரமிப்பு இனங்கள் என அழைக்கின்றனர்.

இவ்வுண்மைக்கு மறுபுறமும் உண்டு. நம் வீட்டு முற்றத்தில் நாள்தோறும் கரையும் காகம் நமக்குப் பழைய அயலவன். 1890களில் இலங்கையிலிருந்து காகங்களை மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டுசென்றனர். அங்கே தோட்டப் பயிர்களைத் தின்ற புழுக்களைக் காகம் தின்று ஒழிக்கும் என்று எதிர்பார்த்தனர். காகம் புழுவோடு நின்றதா? குப்பையையும் குஞ்சுகளையும் தின்று பெருகிற்று. பிற்காலத்தில் அங்குள்ளோர் அதனைச் சுட்டு ஒழிக்க முனைந்தனர். இங்கே பிதிர்ச்சோறு உண்ணும் பறவை அங்கே பெருந்தொல்லை. இடம் மாறினால் இயல்பும் மாறித் தோன்றும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நாகதாளியை வென்ற பூச்சி

கரையோர மணலிற் காணப்படும் நாகதாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. அதன் வரலாறு சுவையானது. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்த்து ஆதாயம் பெறக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விரும்பினர். 1795ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து பூச்சிகள் வந்து சேர்ந்தன. ஆனால் வந்தது நற்சாயம் தரும் இனமன்று. அதற்கு உறவான வேறோர் இனம். சாயத்தொழில் தோற்றது. அப்பூச்சியோ அக்காலத்தில் காடாய் மண்டிக் கிடந்த ஒருவகைக் கள்ளியை உறிஞ்சி அழிக்கத் தொடங்கிற்று. இதனைக் கண்ட ஆட்சியாளர் 1836 முதல் 1838 வரையில் அதனைத் தென்னிந்தியாவிற் பரப்பினர். 1865ஆம் ஆண்டுக்குச் சற்று முன்னர் இலங்கைக்கும் கொண்டுவந்தனர். ஒரு களையை அடக்குவதற்காகப் பூச்சியொன்றை நாடு விட்டு நாடு கொண்டுசென்ற முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்றாகும்.

ஆயினும் அப்பூச்சி எல்லாக் கள்ளிகளையும் தீண்டவில்லை. நாகதாளியை அடக்குவதற்கு வேறொரு பூச்சி தேவைப்பட்டது. 1924ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்து அது இலங்கைக்கு வந்தது. 1926இல் இங்கிருந்து தென்னிந்தியாவுக்குச் சென்றது. பாக்கு நீரிணையின் இரு கரையினரும் கள்ளிப் பகைக்கு மருந்தாகப் பூச்சியைக் கொடுத்தும் வாங்கியும் கொண்ட கதை இது. ஒவ்வொரு பகைக்கும் அதற்கே உரிய படை வேண்டும். ஒன்றுக்கு உதவியது மற்றொன்றுக்கு உதவாது என்பதே இதனால் நாம் அறியத்தக்கது.

குளத்திலும் தென்னையிலும்

நீர்நிலைகளின் கதையும் இத்தகையதே. ஊதா நிற மலரின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆற்றுவாழை, குளங்களையும் வாய்க்கால்களையும் அடைத்தது. அதனை ஒழிக்க 1909ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சல்வீனியா எனும் நீர்ப்பாசி போன்ற செடி 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு ஆராய்ச்சிப் பொருளாக வந்தது. பின்னர் வெளியேறி வயலையும் குளத்தையும் மூடிற்று. 1986இல் அதற்குரிய சிறு வண்டைக் கொணர்ந்து விட்ட பின்னரே பல நீர்நிலைகள் மூச்சு விட்டன. இன்றும் வீடுகளிற் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர், சலிப்புற்ற காலத்தில் மீனையும் நீர்ச்செடியையும் வாய்க்காலிற் கொட்டுவதுண்டு. அது புண்ணியமன்று, ஓர் ஊருக்கே இழைக்கும் தீங்காகும்.

கற்பிட்டியின் பெயர் உலகப் பூச்சியியல் ஏடுகளில் இடம்பெற்றதற்கும் ஓர் அந்நிய உயிரே காரணம். 1997ஆம் ஆண்டின் இறுதியில், தென்னைச் சிற்றுண்ணி இலங்கையில் முதன்முதலாகக் கற்பிட்டிப் பகுதியிலேயே கண்டறியப்பட்டது. மெக்சிக்கோ நாட்டின் குவெரெரோ மாநிலத்திற் கிடைத்ததைக் கொண்டு 1965இல் விவரிக்கப்பட்ட உயிர் அது. கண்ணுக்குப் புலப்படாத அவ்வுண்ணி இளங்குரும்பையின் தொப்பிக்கு அடியில் ஒளிந்திருந்து சாற்றை உறிஞ்சுகின்றது. காய் சிறுத்து, மேற்றோல் வெடித்துப் பழுப்பேறுகின்றது. மறு ஆண்டு, 1998இல், அது கேரளத்திலும் காணப்பட்டது. இதே புத்தளம் மாவட்டத்தின் லுணுவிலையில் அமைந்துள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவகத்தினர், இவ்வுண்ணியைத் தின்னும் மற்றோர் உண்ணியினத்தை ஆய்ந்து, ஆய்வுகூடத்திற் பெருக்கித் தோட்டங்களில் விட்டனர். நஞ்சு தெளிப்பதை விட்டு இயற்கையின் எதிரியையே துணைக்கு அழைத்த செயல் போற்றத்தக்கது.

முற்றத்துக்கு வரும் விலங்குகள்

செடிகளை விட்டு இனி விலங்குகளை நோக்குவோம். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் காலை 8 மணி முதல் ஐந்து நிமிட நேரம், தத்தம் வளவிற் காணப்படும் குரங்கு, மந்தி, மலையணில், மயில் ஆகியவற்றை எண்ணித் தருமாறு இலங்கை அரசாங்கம் குடிமக்கள் அனைவரையும் கேட்டுக்கொண்டது. விவசாய அமைச்சின் இம்முயற்சியின் முடிவில், குரங்குகள் 50 இலட்சத்துக்கு மேலும் மயில்கள் 40 இலட்சத்துக்கு மேலும் உள்ளன என்று அறிவிக்கப்பட்டது. ஒரே விலங்கை இரு வளவினரும் எண்ணியிருக்கக்கூடும் என்று அறிஞர் சிலர் ஐயமும் எழுப்பினர். எண்ணிக்கை எவ்வாறாயினும், தேங்காய்க்கும் காய்கறிக்கும் நேரும் சேதம் வீட்டுப் பொருளாதாரத்தைத் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதை அந்த ஐந்து நிமிடங்கள் உணர்த்தின.

எந்த விலங்கும் மூன்று பொருள்களை நாடியே மனிதன் இல்லத்துக்கு வருகின்றது: உணவு, நீர், உறைவிடம். மூடாத குப்பைத்தொட்டி குரங்குக்கும் பெருச்சாளிக்கும் விருந்து மண்டபம். கருவாடு உலர்த்தும் பந்தல் வலையின்றி இருந்தால் காகத்துக்கும் நாய்க்கும் அழைப்பிதழ். வீட்டுச் சுவரோரம் குவித்த தேங்காய் மட்டையும் விறகும் எலிக்கு மாளிகை. எலியிருக்கும் இடத்துக்குப் பாம்பு வருவது இயல்பு. ஆகவே விலங்கை அடிப்பதற்குத் தடி எடுக்குமுன், அது எதை நாடி வந்தது என்று ஆராய்வதே முதற் கருமம்.

புத்தளம், கற்பிட்டி, மன்னார் ஆகிய ஊர்களின் தெருக்களில் உலவும் கழுதைகளைக் காணாதார் இலர். ஒரு காலத்திற் பொதி சுமந்து உழைத்த பிராணிகளின் வழித்தோன்றல்கள் அவை. லொறி வந்தபின் வேலையிழந்து வீதிக்கு வந்தன. இரவில் ஊர்தி மோதி மடிவதும், குப்பையிற் பொலித்தீனை உண்டு நலிவதும் அவற்றின் விதியாயிற்று. அவை கேட்டு வந்தவையல்ல. மனிதன் கொண்டுவந்து, பயன்படுத்தி, கைவிட்டவை. வேண்டாத உயிர் என்று ஒன்றைக் குறிக்குமுன், அதனை வேண்டாததாக்கியவர் யார் என்று கேட்பதும் நீதியாகும்.

ஒரு செய்தியை இங்கே அழுத்திக் கூற வேண்டும். காட்டுப் பன்றி முதலியவற்றைத் தடுக்க வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பியிற் பாய்ச்சுவோர் உளர். அது சட்டத்துக்கு மாறானது, கொலைக்கு நிகரானது. இரவில் வெளியே சென்ற அயலவரும், பந்து எடுக்கப் போன சிறுவரும் அத்தகைய கம்பிகளில் உயிரிழந்த செய்திகளை நாம் அடிக்கடி படிக்கின்றோம். ஒரு மூட்டை மரவள்ளிக்கு ஓர் உயிரை விலையாகக் கொடுக்கலாமா?

வீட்டார் செய்யத்தக்கவை

முதலாவது, செடியை இனங்காணுதல். நம் நாட்டு உடைமரம் குடைபோல் விரிந்த தலையும் சுருண்ட நெற்றும் உடையது. நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. அதன் நெற்று மணிமாலை போன்றது. சீமைக் கருவேலின் பூவோ வெளிர்மஞ்சள் நிறத்தில் நீண்ட கதிராகத் தொங்கும். நெற்று முற்றியதும் வைக்கோல் நிறம் பெறும். இவ்வேறுபாட்டை அறியாது, அந்நியனை ஒழிக்கப் புறப்பட்டுச் சொந்த மரத்தை வெட்டியவர் பலராவர்.

இரண்டாவது, காலமறிந்து களைதல். மாரி மழையில் மண் நெகிழ்ந்திருக்கும்போது சாண் உயரக் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம். முள்மரத்தை இளமையிலேயே அழிக்க வேண்டும், முற்றவிட்டால் வெட்டுபவர் கையையே அது வருத்தும் என்று, பகைவரைப் பற்றிக் கூற வந்த இடத்தில் வள்ளுவரும் இதனையே உவமையாக்கினார். வளர்ந்த மரமாயின், அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு நிலத்தின் கீழ் ஒரு சாண் ஆழம்வரை தோண்டி, வேர்க்கழுத்தோடு அறுத்தெடுத்தல் வேண்டும். நிலமட்டத்தில் வெட்டுவது மரத்துக்கு முடி திருத்துவதை ஒக்கும். களைநாசினியை மணலில் ஊற்றுதல் ஆகாது. அது கிணற்றுக்கே சென்று சேரும்.

மூன்றாவது, வெறுமையாக்கிய இடத்தை வெறுமையாக விடாதிருத்தல். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பனை ஆகியன இம்மண்ணுக்கு உகந்தவை. ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் தருபவை. காலியான மனையில் விரும்பாதவனே முதலிற் குடியேறுவான்.

நான்காவது, நெற்றுக்களை நிலத்தில் விழவிடாது சேகரித்தல். விதையோடு முழுதாகக் கொடுத்தால் ஆடு அதனை ஊரெங்கும் விதைக்கும்; இடித்தோ அரைத்தோ கொடுத்தால் தீனியாகும், விதை மடியும்.

ஐந்தாவது, மழைக்காலத்தில் ஆபிரிக்க நத்தைகள் பெருகினால், மாலையிற் கையுறையோடு பொறுக்கி, உப்புநீரிலிட்டுப் புதைத்தல். வெறுங்கையால் தொடுதல் கூடாது. குழந்தைகளை விளையாட விடுதலும் கூடாது.

ஆறாவது, நாயோ குரங்கோ கீரியோ கடித்தால் அல்லது பிறாண்டினால், காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுக் காற்மணி நேரம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல். மஞ்சளும் சுண்ணாம்பும் நீர்வெறுப்பு நோய்க்கு மருந்தாகமாட்டா. பாம்பு தீண்டினாலும் கீறுதலும் இறுகக் கட்டுதலும் வேண்டா. நோயாளியை அசையவிடாது வைத்தியசாலையிற் சேர்ப்பதே உயிர் காக்கும் வழி.

ஏழையின் அடுப்பும் ஆட்டின் வயிறும்

இத்தனையும் கூறியபின், மறைக்க முடியாத ஓர் உண்மையும் உண்டு. வாயு விலை ஏறியபோது பல வீடுகளின் அடுப்பை எரித்தது இந்த முள்மரமே. கோடையிற் புல் கருகியபோது ஆட்டின் வயிற்றை நிரப்பியதும் இதன் நெற்றே. கடலுக்கு அப்பால் இராமநாதபுரம் மாவட்டத்தில் இம்மரத்தைக் கரியாக்கி விற்றுப் பல்லாயிரவர் பிழைக்கின்றனர். 2017ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்றும்படி உத்தரவிட்டது. ஊரெங்கும் இயந்திரங்கள் இறங்கின. அவ்வாண்டிலேயே, ஆய்வின்றி அகற்றலாமா என்ற வினா எழ, அப்பணியை நீதிமன்றமே இடைநிறுத்தியது. 2022இல் தமிழ்நாட்டு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வகுத்தது. அகற்றுதலோடு மீள நடுதலும் சேரவேண்டும் என்பதே அதன் சாரம்.

விறகுக்கு மாற்று இல்லாத வீட்டாரிடம் மரத்தை மட்டும் ஒழிக்கச் சொல்லுதல், குடிக்கத் தண்ணீர் கொடாது விக்கலை நிறுத்தச் சொல்வது போலாகும். ஆகவே, கிணற்றடியிலும் பயிர்நிலத்திலும் நீரோடும் வாய்க்காலிலும் நிற்பவற்றை முதலில் அகற்றுவோம். எஞ்சியவற்றை விறகுக்கென வெட்டிக்கொண்டே, பூக்கவும் காய்க்கவும் விடாது அடக்குவோம். அதற்கிடையில் கிளுவைக் கதிகால்கள் வேர் பிடிக்கட்டும். ஒரு வீட்டார் மட்டும் இதனைச் செய்தாற் பயனில்லை. அயல்வீட்டு ஆடு நம் வளவில் விதைத்துவிடும். ஓர் ஒழுங்கையின் இருபுறத்தாரும் ஒரே மாரியில் கூடிச் செய்தல் வேண்டும்.

பாடசாலை மாணவர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. தத்தம் ஊரில் எந்தச் செடி எங்கே நிற்கின்றது, எவ்வாண்டில் எவ்வளவு பரவிற்று என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தாற் போதும். கற்பிட்டியில் 1997இற் குரும்பைத் தொப்பியை விலக்கிப் பார்த்த கண்களே ஒரு நாட்டை எச்சரித்தன. நாளை வரப்போகும் அந்நியனை முதலிற் காணும் கண்கள், வேலியோரம் நின்று உற்று நோக்கும் ஒரு சிறுமியின் கண்களாகவும் இருக்கலாம்.